லிமிட்டர் இருந்தும் எஞ்சின் எப்படி 9000 தாண்டுது? மேனுவல் கார்களின் ஆர்பிஎம் வரம்பு

கொட்டாஞ்சேனை5கியர்

1500 சிசி பெற்றோல் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல். ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) மீற்றரில் 6500 இல் சிவப்புக் கோடு தொடங்குது. கிளச் மிதிச்சுக்கொண்டு எக்ஸிலேட்டரை முழுக்கக் கொடுத்தால் சிவப்பைக் கொஞ்சம் தாண்டி "டட் டட் டட்" எண்டு அங்கேயே நின்று ஆடுது, அதுக்கு மேல் போகாது. அப்போ கம்பெனியே லிமிட்டர் எண்டு ஒரு பூட்டுப் போட்டிருக்கு. பிறகு ஏன் எல்லாக் கராஜிலும் "கியர் மாறி விழுந்தால் எஞ்சின் போச்சு" எண்டு பயமுறுத்துகிறார்கள்? பூட்டு இருக்கும்போது எஞ்சின் எப்படி வரம்பைத் தாண்டும்? அந்த வரம்பை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? சுருக்கமாக வேண்டாம், விளக்கமாகச் சொல்லுங்கோ.

மில்லிமீற்றர்

முதலில் அந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் எஞ்சினின் முக்கிய தண்டு) முனையில் பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கும். 60 பல்லில் 2 இல்லாதது, அல்லது 36 இல் 2 இல்லாதது, இப்படிக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சென்சர் பல்லை எண்ணுகிறது, ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதை ஆர்பிஎம் ஆக்குகிறது. குறித்த எண் வந்ததும் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கான சிக்னலை நிறுத்துகிறது. எரிய ஒன்றும் இல்லாததால் வேகம் விழுகிறது. இன்னொரு, சற்றுக் குறைந்த எண்ணுக்கு வந்ததும் திரும்பப் பெற்றோல் கொடுக்கிறது. நிறுத்துவது 6700, திரும்பக் கொடுப்பது 6500 என்று வைத்தால், இந்த இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் ஏறி இறங்குவதுதான் நீங்கள் கேட்ட "டட் டட்".

எலெக்ட்ரானிக் திரொட்டில் (எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயைத் திறந்து மூடும் தட்டு) உள்ள கார்களில் இது மெதுவாக நடக்கும். வரம்புக்கு முன்பே திரொட்டில் தட்டை ஈசியு மூட ஆரம்பிக்கும், ஆகவே அடிக்கிற மாதிரி தெரியாது, ஒரு சுவரில் சாய்ந்த மாதிரி நிற்கும். கேபிள் திரொட்டில் கார்களில் அந்த வசதி இல்லை, பெற்றோலை வெட்டுவதுதான் வழி.

கவனியுங்கள்: பூட்டின் கையில் இருப்பது பெற்றோல் மட்டும். எஞ்சினைச் சுற்றுவது பெற்றோலாக இருக்கும் வரைக்கும்தான் அது வேலை செய்யும். சில்லுகள் எஞ்சினைச் சுற்ற ஆரம்பித்தால் ஈசியுவால் பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். அந்தக் கணக்கைத் தனியாகப் போடுகிறேன், எண்கள் இருக்கு.

சிப்மச்சான்

மில்லிமீற்றர் சொன்னது கம்பெனி வழி. பெற்றோலை வெட்டுவதற்குப் பதில் ஸ்பார்க்கை வெட்டுகிற வழியும் இருக்கு. காலி வீதியில் ராவு நேரம் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி போகுதே சில கார், அது பெரும்பாலும் இந்த ஸ்பார்க் கட்தான். இன்ஜெக்டர் பெற்றோல் அடிச்சுக்கொண்டே இருக்கும், பிளக் மட்டும் எரியாது. எரியாத பெற்றோல் சைலன்ஸர் குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கும்.

கட்டலிடிக் கன்வேர்ட்டர் (புகையைச் சுத்தமாக்குற பெட்டி) இருக்கிற காரில் இதைச் செய்யாதீங்க. எரியாத பெற்றோல் அதுக்குள்ள எரிஞ்சு, உள்ளே இருக்கிற செராமிக் தேன்கூடு உருகி அடைச்சுக்கொள்ளும். பிறகு கார் 3000க்கு மேல் ஏறாமல் மூச்சு முட்டும். கம்பெனிகள் பெற்றோலை வெட்டுற முக்கிய காரணமே இதுதான்.

இன்னொன்று. நின்றுகொண்டு மிதிச்சு வரம்பைப் பார்க்காதீங்க. பல புதிய கார்களில் நிற்கிறபோது வரம்பு வேற, 4000 சொச்சத்திலேயே கட் ஆகும். அதைப் பார்த்து "என் எஞ்சின் வரம்பு 4000" எண்டு நினைச்சால் பிழை. எஞ்சின் சூடாகும் வரைக்கும் வரம்பைக் குறைச்சு வைக்கிற கார்களும் இருக்கு.

மில்லிமீற்றர்

இப்போது சில்லுப் பக்கக் கணக்கு. டொயோட்டா ஐந்து கியர் பெட்டிகளில் வழக்கமாகக் காணும் விகிதங்களை எடுப்போம்: முதலாவது 3.545, இரண்டாவது 1.904, மூன்றாவது 1.310, நாலாவது 0.969, ஐந்தாவது 0.815. டிஃபரென்ஷல் (கியர்பெட்டிக்கும் சில்லுக்கும் நடுவில் வரும் கடைசிக் கியர்) விகிதம் 3.72 என்று வைப்போம். ரயர் 175/65, 14 அங்குலம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.83 மீற்றர்.

மணிக்கு 100 கிமீ என்றால் நிமிடத்துக்கு 1667 மீற்றர். அதை 1.83 ஆல் பிரித்தால் சில்லு நிமிடத்துக்கு 911 சுற்று. 3.72 ஆல் பெருக்கினால் 3390. இந்த எண்ணைக் கியர் விகிதத்தால் பெருக்கினால் எஞ்சின் வேகம்:

ஐந்தாவதில் 2760
நாலாவதில் 3280
மூன்றாவதில் 4440
இரண்டாவதில் 6450
முதலாவதில் 12,000

அதாவது அதிவேகப் பாதையில் அனுமதித்த 100 இல் போகும்போது ஐந்திலிருந்து நாலுக்கு இறக்க நினைத்து இரண்டு விழுந்தால், கிளச்சை விட்டவுடன் எஞ்சின் சிவப்புக் கோட்டின் வாசலில். 110 இல் போயிருந்தால் 7100. எக்ஸிலேட்டரில் காலே இல்லாவிட்டாலும் இதுதான் எண். ஈசியு அந்த நேரத்தில் பெற்றோலை ஏற்கெனவே நிறுத்தியிருக்கும், அதனால் ஒரு பயனும் இல்லை.

இதைவிட மோசமானது மேலே ஏற்றும்போது நடப்பது. மூன்றாவதில் 6500 வரைக்கும் இழுத்துவிட்டு நாலுக்குப் போக வேண்டிய கை இரண்டுக்குப் போனால்: 6500 × 1.904 ÷ 1.310 = 9450. இந்தக் கணக்குக்கு ரயர் அளவும் வேண்டாம், டிஃபரென்ஷலும் வேண்டாம். இரண்டு கியர் விகிதத்தைப் பிரித்தால் போதும். உங்கள் காரின் விகிதங்களைச் சர்விஸ் புத்தகத்தில் பார்த்து ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

எல்போர்ட்_தெமட்டகொட

கணக்குச் சரி. கை ஏன் இரண்டுக்குப் போகுது என்பதையும் சொல்ல வேணும்.

நம்ம நாட்டில் வலப்பக்கம் இருந்து ஓட்டுறோம், கியர் இடக் கையில். ஐந்து மேலே வலப்பக்க மூலை. நாலு நடுவில் கீழே. இரண்டு இடப்பக்கம் கீழே. ஐந்திலிருந்து கீழே இழுக்கிறவர், "நாலு இடப்பக்கம்தானே" என்று லிவரைத் தன் உடம்பிலிருந்து அந்தப் பக்கமாகவும் தள்ளுகிறார். அங்கேதான் பிழை. லிவருக்குள்ள ஸ்பிரிங் இருக்கு, கையை எடுத்தால் அது தானாகவே நடுக்கோட்டுக்கு, அதாவது மூன்று, நாலு இருக்கிற கோட்டுக்கு வரும். ஐந்திலிருந்து நியூட்ரலுக்கு இழுங்க. பக்கவாட்டு அழுத்தத்தை விடுங்க. ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டுவரும். பிறகு விரல் நுனியால் நேராகக் கீழே. மொத்தம் அரை செக்கன் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

மூன்றிலிருந்து நாலுக்கும் அதேதான். நேராகக் கீழே. குமிழியை முஷ்டியாகப் பிடிக்கிறவர்களுக்குத்தான் கை தன்னை அறியாமல் பக்கமாகப் போகும். உள்ளங்கையைத் திறந்து, குமிழியின் மேல் வைத்து இழுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும்.

கியர் உள்ளே போக மறுத்தால் பலம் கொடுக்காதீங்க. சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைப் பொருத்துற வளையம்) "வேகம் பொருந்தல்ல" என்று தடுக்குது. அதைத் தள்ளி உள்ளே போடுவது நீங்கள் நினைத்த கியராக இருக்காது.

கிளச்சை மெதுவாக விடுற பழக்கமும் இங்கே உதவும். பிழையான கியர் என்றால், பிடிக்கத் தொடங்கும்போதே கார் மூக்கைக் குத்தி இழுக்கும், எஞ்சின் கத்தும். அந்த நொடியே கிளச்சைத் திரும்ப மிதிங்க. பிரேக் இல்ல, கிளச். மழை நேரத்தில் முன்சில்லு வழுக்கும், ஸ்டியரிங் பிடிக்காது. அதுக்கும் மருந்து கிளச்தான்.

கொட்டாஞ்சேனை5கியர்

அப்போ கிளச் மிதிச்சிருக்கும் வரைக்கும் எந்தக் கியரில் போட்டாலும் பிரச்சினை இல்லைதானே? விட்டால்தான் ஆபத்து?

பார்ட்ஸ்நானா

இல்ல தம்பி, அதுவும் ஆபத்துத்தான். கிளச் மிதிச்சால் எஞ்சின்தான் கழன்று நிற்கும். கிளச் பிளேட் கியர்பெட்டியோட சேர்ந்ததுதானே, அதுக்குள்ள போற தண்டில், இன்புட் ஷாஃப்டில், ஏறி இருக்கு. மேலே மில்லிமீற்றர் போட்ட கணக்கில் 100 இல் முதலாவது கியர் 12,000. கிளச் மிதிச்சபடி முதலாவதில் தள்ளினால் எஞ்சின் சும்மா 900 இல் ஓடும், பிளேட் 12,000 இல் சுத்தும். பிளேட்டில் ஒட்டி ரிவிட் அடிச்ச லைனிங் அந்த வேகத்துக்குச் செஞ்சதில்ல. துண்டு துண்டாப் பறக்கும், கிளச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்குக்குள்ள அடைச்சுக்கொள்ளும். பிறகு கிளச் விடுபடாது, இல்லாட்டி பிடிக்காது.

கழட்டிப் பார்க்கிறபோது இது சாதாரணத் தேய்மானம் மாதிரி இருக்காது. தேய்ஞ்ச பிளேட்டில் லைனிங் சீராக மெலிஞ்சு ரிவிட் தலை தெரியும். வேகத்தில் வெடிச்ச பிளேட்டில் மிச்ச லைனிங் நல்ல தடிப்பாக இருக்கும், ஆனால் வெளி விளிம்பு கிழிஞ்சு போயிருக்கும். வாரண்டி கேட்டு வாற ஆட்களுக்குக் கடைக்காரன் தலையாட்டுறது இதைப் பார்த்துத்தான்.

கை தவறுறதுக்கு கை மட்டும் காரணம் இல்ல என்பதையும் சொல்லணும். முன்சில்லு இழுக்கிற கார்களில் லிவர் பொடியில், கியர்பெட்டி எஞ்சினோட. நடுவில கம்பி அல்லது கேபிள். எஞ்சின் மவுண்ட் ரப்பர் செத்திருந்தால், எக்ஸிலேட்டர் கொடுக்கிறபோதும் விடுறபோதும் எஞ்சின் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடும். லிவருடைய "நடு" இடம் மாறும். பழைய மாருதி 800, ஆல்டோ மாதிரி கம்பி லிங்கேஜ் உள்ளதில் பிளாஸ்டிக் புஷ் தேய்ஞ்சால் லிவர் சோம்பலா ஆடும், இரண்டும் நாலும் ஒண்டோட ஒண்டு கலந்துவிடும். நியூட்ரலில் லிவரை இடமும் வலமும் ஆட்டிவிட்டு விடுங்க. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இடத்துக்குத் திரும்பி வரணும். வராட்டி புஷ் செட் மாத்துங்க. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் அது எஞ்சின் விலையோட பார்த்தால் தேத்தண்ணிக் காசு.

மைனர்1000

எல்லாரும் ஈசியு பற்றியே கதைக்கிறீங்கள். காபரேட்டர் (ஈசியு இல்லாமல் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பழைய கருவி) வைத்த காரில் பூட்டே கிடையாது என்பதை யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன்.

காபரேட்டர், ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரிக்கும் பாயிண்ட் வைத்த டிஸ்ரிபியூட்டர், இதில் ஆர்பிஎம் எண்ணுகிற மூளை எங்கேயும் இல்லை. சில ஐரோப்பிய கார்களில் டிஸ்ரிபியூட்டரின் ரோட்டருக்குள் ஒரு சிறு எடையும் ஸ்பிரிங்கும் வைத்திருப்பார்கள். குறித்த வேகத்தில் எடை வெளியே பறந்து ஸ்பார்க்கைப் பூமிக்கு இறக்கிவிடும். மொரிஸ் மைனரில் அதுவும் இல்லை. அங்கே எஞ்சினே மூச்சுத் திணறித் தானாக நிற்கும். காபரேட்டர் சின்னது, காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வ் சின்னது, அதைத் தள்ளித் திறக்கும் புஷ்ரொட் நீளம். வால்வ் துள்ள ஆரம்பிக்கும்போது சத்தமும் மாறும், இழுவையும் விழும். அதற்கு மேல் மிதிப்பதில் அர்த்தம் இல்லை.

ஆனால் இறக்கத்தில் இரண்டாவதில் விட்டால் அதையும் தாண்டும். மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் கிராங்குக்கு மூன்று மெயின் பெயரிங்தான். வேகம் கூடினால் கிராங்க் நடுவில் வளைந்து ஆடும், பெயரிங் அதைத் தாங்க வேணும். ஆர்பிஎம் மீற்றர் இல்லாத கார் என்பதால் ஒவ்வொரு கியருக்கும் உச்ச வேகத்தைக் கணக்குப் போட்டு ஸ்பீடோ மீற்றரில் சின்னப் புள்ளி வைப்பது பழைய வழக்கம். இன்றைக்கும் பயன்படும்.

மில்லிமீற்றர்

இனி, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. மூன்று இடத்திலிருந்து வரும். எது முதலில் கைவிடுகிறதோ அதுதான் வரம்பு.

ஒன்று, பிஸ்டனும் அதைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டும். பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வர வேண்டும். 1NZ எஞ்சினில், அதாவது NZE121 கொரோலாவில் வரும் எஞ்சினில், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 84.7 மிமீ. 6500 இல் பிஸ்டனின் சராசரி வேகம் 2 × 0.0847 × 6500 ÷ 60 = செக்கனுக்கு 18.4 மீற்றர். ஆல்டோ 800 இன் மூன்று சிலிண்டரில் ஸ்ட்ரோக் 72 மிமீ, 6000 இல் 14.4 மீற்றர்தான். ஹொண்டா எஸ்2000 இன் முதல் எஞ்சினில் ஸ்ட்ரோக் 84 மிமீ, 9000 இல் 25.2 மீற்றர். ஸ்ட்ரோக்கில் 1NZ உடன் ஒரு மில்லிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பொருளில்: ஃபோர்ஜ் செய்த பிஸ்டன், பலமான கொன்ரொட், வேறு வால்வ் ஸ்பிரிங். ஸ்ட்ரோக்கை மட்டும் பார்த்து "இதுவும் 9000 போகும்" என்று சொல்லக்கூடாது.

சராசரி வேகத்தைவிட முக்கியம் திரும்பும் இடத்தில் வரும் விசை. 1NZ இல் 6500 இல் பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது அதன் மேல் வரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 2600 மடங்கு. பிஸ்டன், பின், ரொட்டின் மேல் பகுதி எல்லாம் சேர்ந்து 400 கிராம் என்று வைத்தால், அந்த நொடியில் கொன்ரொட் போல்ட்களை இழுக்கும் விசை ஒரு தொன். இந்த விசை ஆர்பிஎம் இன் வர்க்கமாக ஏறும். 6500 இலிருந்து 9450 என்றால் வேகம் 45 வீதம்தான் கூடியது, விசை 2.1 மடங்கு. போல்ட் நீளும், கொன்ரொட்டின் பெரிய முனை முட்டை வடிவாகும், பெயரிங் எண்ணெய்ப் படலத்தைக் கிழிக்கும்.

மிக மோசமான நேரம் பவர் ஸ்ட்ரோக் அல்ல, எக்ஸோஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவு. பவர் ஸ்ட்ரோக் தொடங்கும்போது மேலிருந்து வாயு அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளி இழுவையைக் கொஞ்சம் தாங்கும். எக்ஸோஸ்ட் முடிவில் தாங்க ஒன்றும் இல்லை. பெற்றோல் வெட்டுப்பட்ட எஞ்சினைச் சில்லு சுற்றும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இதே நிலைதான். சிவப்புக் கோட்டை எக்ஸிலேட்டரில் தொடுவதைவிட கியரில் தாண்டுவது கொடுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு, வால்வ். கேம் (மேடுகள் உள்ள சுழலும் தண்டு) தள்ளித் திறக்கிறது, மூடுவது ஸ்பிரிங். குறித்த வேகத்துக்கு மேல் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமோடு ஒட்டி வைத்திருக்க முடியாது. வால்வ் பறந்து நிற்கும், மூடி அமரும் இடத்தில் மோதித் துள்ளும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வ் இன்னும் மூடவில்லை என்றால் இடிக்கும், தண்டு வளையும். டொயோட்டாவின் 4A-FE போன்ற எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறார்கள், அங்கே தப்ப வாய்ப்பு உண்டு. 1NZ இல் அந்த இடம் இல்லை. ஹைட்ரோலிக் லிஃப்டர் உள்ளவற்றில் இன்னொரு வேடிக்கை: வால்வ் பறக்கும் இடைவெளியை லிஃப்டர் எண்ணெயால் நிரப்பிக்கொள்ளும். பிறகு வால்வ் முழுதாக மூடாது, சிறிது நேரம் எஞ்சின் நொண்டும். எண்ணெய் கசிந்து இறங்கியதும் சரியாகும்.

மூன்று, காற்று. 1NZ இன் உச்ச சக்தி 6000 இல். அதற்குப் பிறகு சிலிண்டர் நிரம்ப நேரம் போதாது. இது எதையும் உடைக்காது, மேலே போவதைப் பயனில்லாததாக்கும்.

சிப்மச்சான்

மூன்றாவது காரணத்தோட, காற்றோட, முழுக்க உடன்பாடு இல்ல. உச்ச சக்தி 6000 எண்டால் 6000 இலேயே கியர் மாத்தணும் எண்டு இல்ல. நீங்கள் போட்ட விகிதத்திலேயே பாருங்க. இரண்டிலிருந்து மூன்றுக்கு 6000 இல் மாத்தினால் 4130 இல் விழும். 6500 இல் மாத்தினால் 4470. உச்சத்தைத் தாண்டி 500 ஆர்பிஎம் இழுக்கிறபோது இழக்கிறதைவிட, அடுத்த கியரில் உயர்ந்த இடத்தில் இறங்குறதால் கிடைக்கிறது கூட. மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி மாதிரி இடத்தில் அடுத்த வளைவுக்கு முன் ஒரு கியர் மாற்றத்தை மிச்சம் பிடிக்கிறதுக்கே லிமிட்டரில் ஒரு கணம் நிற்பார்கள்.

மில்லிமீற்றர்

6500 வரைக்கும் சரி, அதற்குத்தான் கம்பெனியே சிவப்பை உச்ச சக்திக்கு மேலே வைக்கிறது. நான் சொல்வது சிப் அடித்து 7200 ஆக்குகிற ஆட்களுக்கு. கேமும் ஸ்பிரிங்கும் கம்பெனிப் பொருளாகவே இருக்க, ஈசியுவில் எண்ணை மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம். 7200 இல் கொன்ரொட் போல்ட் மேல் வரும் விசை 6500 ஐவிட 23 வீதம் அதிகம்.

சிப்மச்சான்

அதில் சண்டை இல்ல. வரம்பை ஏற்ற வேணுமெண்டால் வரிசை இதுதான்: முதலில் வால்வ் ஸ்பிரிங்கும் ரிடெய்னரும், பிறகு கேம், பிறகு ரொட் போல்ட், எண்ணெய்ப் பம்ப், கடைசியில்தான் ஈசியு. ஆட்கள் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனெண்டால் அதுதான் மலிவு.

லிமிட்டரில் எப்போதாவது முட்டுறதால் எஞ்சின் கெடுமா எண்டு கேட்கிறவர்களுக்கு: சூடான எஞ்சின், எண்ணெய் அளவு சரி எண்டால் ஒரு செக்கன் முட்டுறது ஒண்டும் செய்யாது. நிறுத்தி வைச்சுக்கொண்டு அரை நிமிஷம் "டட் டட்" அடிக்கிறது வேற கதை. சக்தி வெட்டுப்பட்டு வரும் ஒவ்வொரு தடவையும் முறுக்கு விசை திசை மாறும். செயின் ரென்ஷனர், எஞ்சின் மவுண்ட், இரட்டைத் தட்டு ஃப்ளைவீல் இருந்தால் அதன் ஸ்பிரிங், எல்லாம் அந்த உதையை வாங்கும்.

பார்ட்ஸ்நானா

வரம்பைப் பற்றிக் கதைக்கிறோம், மீற்றர் சொல்றது உண்மையா என்று யாரும் கேட்கல்ல. பழைய கார்களில் ஆர்பிஎம் மீற்றர் கொயிலின் மைனஸ் முனையிலிருந்து துடிப்பு எண்ணுது. நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு, ஆறு சிலிண்டரில் 3. அழகாக இருக்கு என்று ஆறு சிலிண்டர் காரின் மீற்றர் செட்டை வாங்கி நாலு சிலிண்டரில் போட்டால், எஞ்சின் 6000 ஓடும்போது முள் 4000 தான் காட்டும். சிவப்பு இன்னும் தூரத்தில் இருக்கு என்று மிதிப்பீங்க. ஹாஃப் கட் (பாதியாக வெட்டின பழைய கார்) எஞ்சின் இறக்கி மாத்தின எல்லாக் காரிலும் இதைச் சோதிக்கணும். ஸ்கேனர் பூட்டக்கூடிய கார் என்றால் ஸ்கேனர் எண்ணையும் முள்ளையும் 3000 இல் ஒப்பிடுங்க.

சரி, கியர் பிழைச்சு எஞ்சின் கத்திவிட்டுது, இப்ப ஓடுது அல்லது நின்றுவிட்டுது. என்ன செய்யணும்?

நின்றுபோயிருந்தால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீங்க. வளைஞ்ச வால்வ் தலை கழன்று விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்து போகும். பிளக் எல்லாத்தையும் கழட்டி, கிராங்க் போல்ட்டில் சொக்கெட் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுத்துங்க. எங்கேயாவது இரும்பில் இரும்பு முட்டின மாதிரி நின்றால் அதோட நிறுத்துங்க.

சுத்துது என்றால் கம்ப்ரஷன் பாருங்க. எஞ்சின் சூடு, பிளக் எல்லாம் வெளியே, இன்ஜெக்டர் கனெக்டர் கழட்டி, எக்ஸிலேட்டர் முழுக்க மிதிச்சு, பெற்றறி நல்ல சார்ஜில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்டார்ட்டரால் ஆறு, ஏழு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு நடுவில் வித்தியாசம் முக்கியம், 10 வீதத்துக்கு மேல் போனால் சந்தேகம். குறைஞ்ச சிலிண்டருக்கு லீக்டவுன் போட்டுக் காற்றை அனுப்புங்க. இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வ், சைலன்ஸரில் சீறினால் எக்ஸோஸ்ட் வால்வ், எண்ணெய் மூடியில் வந்தால் ரிங். வளைஞ்ச வால்வில் சீறல் தெளிவாகக் கேட்கும்.

கம்ப்ரஷன் நல்லா இருந்தாலும் கீழ்ப்பகுதி தப்பிச்சுது என்று அர்த்தம் இல்ல. ரொக்கர் கவரைத் திறந்து ரொக்கர் ஏதும் விலகியிருக்கா, வால்வ் கிளியரன்ஸ் மாறியிருக்கா, செயின் அடையாளம் ஒரு பல்லாவது தாவியிருக்கா பாருங்க. எண்ணெயையும் ஃபில்டரையும் மாத்தி, பழைய ஃபில்டரை வெட்டிக் காகிதத்தை விரிச்சு வெளிச்சத்தில் பிடிங்க. செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயரிங் மேல்படை போய்விட்டது. சம்ப் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) இறக்கிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அதிக வேகத்தில் அடிபட்டது ரொட்டின் கீழ் மூடிப் பக்கப் பெயரிங்கில் தெரியும். மேல் பாதி மட்டும் நசுங்கியிருந்தால் அது நொக்கிங் (பெற்றோல் தாறுமாறாக வெடிக்கிறது), வேற நோய். சம்ப் இறக்கினபடியால் ரொட் போல்ட்டையும் புதுசாப் போட்டுவிடுங்க, நீண்ட போல்ட் திரும்பச் சுருங்காது.

லொறிக்காரன்

டீசல் ஆட்களுக்கும் ஏதாவது எழுதுவம். டீசல் எரியிறதுக்கு நேரம் கூட வேணும், பிஸ்டன் பாரம். அதாலதான் வரம்பு 4000, 4500 எண்டு நிக்குது. பழைய பம்பில ஈசியு இல்லை, கவர்னர் எண்டு ஒரு சாமான் பம்புக்குள்ளேயே இருக்கு. சுத்துற எடைகள் வேகத்தில வெளியே விரிஞ்சு லிவரைத் தள்ளி டீசலைக் குறைக்கும். உச்ச வேக ஸ்க்ரூவுக்குக் கம்பியோட சீல் வைச்சிருப்பினம். அதை வெட்டித் திருப்பிறது உங்களுக்கு இழுவை தராது, கொன்ரொட்டைத்தான் வெளியே தரும்.

கடுகண்ணாவை, ரம்பொடை, பெரகல இறக்கம், பாரத்தோட. கவர்னர் டீசலைச் சுத்தமா நிப்பாட்டியிருக்கும், முள் இன்னும் ஏறிக்கொண்டே போகும், ஏனெண்டால் தள்ளுறது பாரம். அந்த நேரம் கிளச் மிதிச்சால் லொறி கையை விட்டுப் போகும். கால் பிரேக்கை நல்லா அழுத்தி வேகத்தைக் குறையுங்கோ, குறைஞ்ச பிறகு ஒரு கியர் இறக்குங்கோ, பிரேக்கை விடுங்கோ. மெல்லமா முழு இறக்கமும் பிரேக்கில கால் வைச்சுக்கொண்டு போனால் ட்ரம் சூடாகிப் பிடிக்காது. கியரை இறக்கம் தொடங்க முதலே தெரிவு செய்யவேணும், பாதி வழியில இல்லை.

அடுத்தது வருசாந்தப் புகைப் பரிசோதனை. பெற்றோலுக்கு ஐட்லிங்கிலயும் 2500 இலயும் பாப்பினம், பயம் இல்லை. டீசலுக்கு எக்ஸிலேட்டரை ஒரேயடியா அமத்தி கவர்னர் வெட்டுற வரைக்கும் ஏத்துவினம், அதுவும் திரும்பத் திரும்ப. கால் வைக்க முதல் மூண்டு விசயம் பாருங்கோ: ரைமிங் பெல்ட் எப்ப மாத்தினது (டொயோட்டா 2L, 3L ஆட்கள் 100,000 கிமீ தாண்டியிருந்தால் முதல்ல மாத்துங்கோ), எஞ்சின் நல்லாச் சூடோ, எண்ணெய் டிப்ஸ்ரிக்கில மேல் கோட்டைத் தாண்டி நிக்குதோ. கூடின எண்ணெயும் தேய்ஞ்ச டேர்போ சீலும் சேர்ந்தால் எஞ்சின் தன்ர எண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். அப்ப கவர்னரும் இல்லை, திறப்பை நிப்பாட்டினாலும் நிக்காது.

கொட்டாஞ்சேனை5கியர்

அப்படி ஓடத் தொடங்கினால் மேனுவலில் என்ன செய்கிறது?

லொறிக்காரன்

மேனுவலுக்கு அங்கதான் ஒரு வசதி. கை பிரேக், கால் பிரேக் இரண்டும் முழுக்க. உயர்ந்த கியர், நாலோ ஐந்தோ. முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்கள் இல்லை எண்டு பாத்துக் கிளச்சை டக்கெண்டு விடுங்கோ. எஞ்சின் திணறி நிக்கும். முதலாவதில விட்டால் நிக்காது, பாயும். அதுவும் சரிவராட்டி காத்து போற வாயைத் தட்டையான பலகையால மூடுங்கோ. துணியோ கையோ வைக்கப்படாது, உள்ளே இழுத்துப்போடும்.